மொழிபெயர்ப்பே மூலமாகும்போது: தஞ்சை மோடி ஆவணங்களும் தமிழ்ப் பல்கலைக்கழக வெளியீடுகளும்

ஆய்வுச் சுருக்கம்

தஞ்சை மராட்டியர் ஆட்சிக்கால மோடி ஆவணங்கள் காவிரிப் படுகையின் ஊர் வரலாற்றுக்கு முதன்மைச் சான்றுகளாகும். மோடி எழுத்தைப் படிக்கத் தெரிந்தோர் மிகச் சிலராதலின், தமிழ் ஆய்வுலகம் இவ்வாவணங்களைப் பெரும்பாலும் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் வெளியீடுகள் வழியாகவே அறிந்து வந்துள்ளது. அவ்வெளியீடுகளின் பயனை இக்கட்டுரை மறுக்கவில்லை. ஆயினும் தமிழாக்கம் மூல ஆவணத்தின் இடத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் நிலையில் வட்டார வரலாற்றாய்வுக்கு நேரும் இழப்பு எத்தகையது என்பதை ஊர்ப்பெயர், காலக்கணிப்பு, சத்திரக் கணக்கு ஆகியவற்றை முன்வைத்து ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மோடி ஆவணம், தஞ்சை மராட்டியர், தமிழ்ப் பல்கலைக்கழகம், வட்டார வரலாறு, ஊர்ப்பெயராய்வு, ஆவணப் பதிப்பு நெறி

முன்னுரை

1981ஆம் ஆண்டு தஞ்சாவூரில் தொடங்கப்பெற்ற தமிழ்ப் பல்கலைக்கழகம், தன் முதற் பத்தாண்டுக்குள்ளேயே அவ்வூரின் வரலாற்றுக்குரிய இரு பெரும் வெளியீடுகளைத் தந்தது. ஒன்று, கே. எம். வேங்கடராமையாவின் ‘தஞ்சை மராட்டிய மன்னர் கால அரசியலும் சமுதாய வாழ்க்கையும்’ (1984). மற்றொன்று, ப. சுப்பிரமணியனைப் பதிப்பாசிரியராகக் கொண்ட ‘தஞ்சை மராட்டிய மன்னர் மோடி ஆவணத் தமிழாக்கமும் குறிப்புரையும்’ (1989) என்னும் தொகுதிகள். சத்திரம், மருத்துவம், இசை, சதிர், கோயில் நடைமுறை, நாணயம், விலைவாசி என எப்பொருள் பற்றித் தஞ்சை மராட்டியர் காலத்தை ஆராய்வோரும் இவ்விரண்டையும் எடுத்தாளாமல் மேற்செல்வதில்லை.

இவற்றின் செல்வாக்கே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல். மூல ஆவணத்தைக் காணாமல், அதன் வாசகம் எழுத்துப்பெயர்ப்பாகக்கூடத் தம்முன் இல்லாமல், தமிழாக்கத்தை மட்டும் மேற்கோள் காட்டி ‘மோடி ஆவணம் கூறுகிறது’ என்று எழுதும் வழக்கம் நம்மிடையே நிலைத்துவிட்டது. கூறுவது ஆவணமன்று, மொழிபெயர்ப்பாளரே. இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு எத்தனை என்பதை அளக்கும் கருவி நம்மிடம் இல்லை. பல்கலைக்கழகம் ஒன்று வட்டார வரலாற்றைப் பேணிப் பகிரும் முறை குறித்த விவாதத்தை இவ்விடத்திலிருந்து தொடங்குவது பொருந்தும்.

மோடி எழுத்தும் மூட்டைகளும்

தஞ்சையில் போன்சலே மரபினரின் ஆட்சி 1676 அளவில் தொடங்கி 1855 வரை நீடித்தது. 1799ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப்பின் நாட்டின் நிருவாகம் கும்பினியின் கைக்குச் சென்று, அரசரின் அதிகாரம் கோட்டையோடும் அதன் சுற்றுப்புறத்தோடும் சுருங்கியது. எனினும் அரண்மனை அலுவல் சுருங்கவில்லை. கணக்கு, கடிதம், உத்தரவு, விண்ணப்பம், கொடைக் குறிப்பு ஆகியவை மராத்தி மொழியில் மோடி எழுத்தில் எழுதப்பட்டுத் துணியில் கட்டி வைக்கப்பட்டன. இவ்வகை ஆவண மூட்டைகள் 1,342 தன்னிடம் இருப்பதாகச் சரசுவதி மகால் நூலகம் தெரிவிக்கிறது. ஒரு நகரத்தின் அன்றாட வாழ்வைப் பற்றி இவ்வளவு செறிவான எழுத்துச் சான்று தமிழகத்தில் வேறெங்கும் எளிதில் அமையாது.

மோடி விரைவெழுத்து. எழுதுவோர் முதலில் தாளின் குறுக்கே தலைக்கோடுகளை இழுத்துக்கொண்டு, அவற்றிலிருந்து எழுத்துகளைத் தொங்கவிட்டவாறு, இயன்றவரை எழுதுகோலை எடுக்காமல் எழுதிச் செல்வர். சொற்களுக்கு இடையில் இடைவெளி இராது. அலுவற் சொற்கள் பல சுருக்கக் குறிகளாகவே வரும். யாதவ அரசின் அமைச்சர் ஹேமாத்ரியே இதனை வழக்கில் கொண்டுவந்தார் என்பது மராத்திய மரபுச் செய்தி. மராத்திய நாட்டிலேயே இருபதாம் நூற்றாண்டில் தேவநாகரி அச்செழுத்து மோடியின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. தஞ்சையில் அரசு முடிந்த 1855க்குப்பின் மோடி கற்பதற்கான அலுவல் தேவையும் தேய்ந்தது. வீட்டில் மராத்தி பேசும் தஞ்சைக் குடும்பத்தினர்க்கும் இவ்வெழுத்து இன்று அயலானதே.

ஆகவே தமிழாக்கம் என்பது பல்கலைக்கழகத்தின் விருப்பத்தேர்வு அன்று, தவிர்க்கவியலாத பணி. இதனை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. தமிழாக்கம் நிகழாதிருந்தால் இவ்வாவணங்கள் துணிக்குள் உறங்கியிருக்கும். தஞ்சை மராட்டியர் வரலாறு கே. ஆர். சுப்பிரமணியன் 1928இல் எழுதிய ஆங்கில நூலின் அரசியல் எல்லைக்குள்ளேயே நின்றிருக்கக்கூடும்.

இரு வெளியீடுகளின் இயல்பு

வேங்கடராமையாவின் நூல் ஆவணப் பதிப்பு அன்று. ஆவணங்களின் தமிழாக்கத்தைப் பெருமளவில் ஆதாரமாகக் கொண்டு எழுந்த வரலாற்று நூல். செய்திகளைப் பொருள்வாரியாகத் தொகுத்து, இலக்கியம், கல்வெட்டு முதலிய பிற சான்றுகளோடு இயைத்துக் காட்டுகிறது. அவ்வகையில் அதன் உழைப்பு பெரிது. ஆனால் பொருள்வாரித் தொகுப்பு எதனைச் செய்யும் என்பதையும் கருத வேண்டும். ஒரே நாளின் கணக்கில் அடுத்தடுத்து நின்ற மூன்று பதிவுகள் மூன்று இயல்களுக்குப் பிரிந்துபோகும். நட்டுவனார்க்கு அளித்த பொருளும், யானைக்குக் கொடுத்த மருந்தும், கோயிலுக்கு அனுப்பிய எண்ணெயும் ஒரே பக்கத்தில் ஒரே எழுத்தரின் கையால் எழுதப்பட்டிருந்தால், அவை அவ்வாறு நின்றதே ஒரு செய்தியாகும். அரண்மனை எவற்றை ஒரே செலவினமாகக் கருதியது, எத்துறையின் பொறுப்பில் எது இருந்தது என்பவற்றை அந்த அடுக்கே காட்டும். ஆவணவியலார் மூல ஒழுங்கைக் குலைக்கலாகாது என்று வற்புறுத்துவதன் காரணம் இதுவே. வரலாற்று நூலாசிரியர்க்கு அவ்விதி பொருந்தாது. ஆனால் அவர் நூலே ஆவணத்திற்கு மாற்றாக வழங்கும்போது, அவர் ஏற்றுக்கொள்ளாத பொறுப்பு ஒன்று அவர்மேல் விழுந்துவிடுகிறது.

1989ஆம் ஆண்டுத் தொகுதிகளின் நிலை வேறு. அவை ஆவணப் பதிப்பாகவே வந்தவை. தலைப்பு அவற்றின் எல்லையைத் தெளிவாகவே கூறுகிறது: ‘தமிழாக்கமும் குறிப்புரையும்’. இத்தலைப்பில் இல்லாத மூன்றாவது சொல் ‘மூலமும்’ என்பது. பதிப்பாசிரியரின் குறையாக இதனைக் கொள்ளவியலாது. அன்றைய அச்சு வசதி, செலவு, படிப்போர் தொகை ஆகியவற்றைக் கருதினால் மோடி வாசகத்தைத் தேவநாகரியில் பெயர்த்து உடன் அச்சிடுவது பெரும் சுமையாக இருந்திருக்கும். குறை பின்வந்த நம்முடையது. முதற்படியாக அமைந்த ஒன்றை முடிந்த பணியாகக் கொண்டு அதன்மேல் கட்டடம் எழுப்பி வருகிறோம்.

கல்லுக்கு ஒரு நெறி, காகிதத்துக்கு ஒரு நெறி

தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகளைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் ஹுல்ட்ஷ் 1891 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டபோது, மூல வாசகத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்தே தந்தார். பின்னர் வந்த தொகுதிகளில் மொழிபெயர்ப்பு கைவிடப்பட்டது. மூல வாசகம் கைவிடப்படவில்லை. வரி எண், சிதைந்த எழுத்து, ஐயப் பாடம் ஆகியவற்றைக் குறிக்காத கல்வெட்டுப் பதிப்பை இன்று எந்தத் தமிழாய்வாளரும் ஏற்கமாட்டார். ஒரு சோழர் கல்வெட்டை அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை மட்டும் கொண்டு ஆராய்ந்து முனைவர் பட்ட ஆய்வேடு எழுதினால் அது புறத்தேர்வைத் தாண்டாது.

அதே கோயிலின் திருச்சுற்றில் 1803ஆம் ஆண்டுக்குரிய மராத்திக் கல்வெட்டு ஒன்று போன்சலே மரபின் வரலாற்றை நீளமாகக் கூறுகிறது. அது கல்லில் இருப்பதால் கல்வெட்டு நெறிக்கு உரியதாகிறது. அதனைப் பொறிக்கச் செய்த அதே அரண்மனையின் காகிதம், காகிதம் என்ற ஒரே காரணத்தால், தமிழாக்கத்தோடு நின்றுவிடுகிறது. எழுதப்பட்ட பொருளின் தன்மை பதிப்பு நெறியைத் தீர்மானிப்பது முறையன்று. கல்வெட்டில் ஒரு சொல்லின் பாடம் மாறினால் வரியின் பெயரும் நிலத்தின் தன்மையும் மாறும் என்பதை அறிந்த நாம், கணக்கேட்டில் அவ்வாறு நிகழாது என எண்ணுவதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

புனேயின் பேஷ்வா ஆவணக் காப்பகத்திலிருந்து கோ. ச. சர்தேசாய் 1930ஆம் ஆண்டு தொடங்கி 45 தொகுதிகளாகப் பதிப்பித்த தேர்வுகளை இங்கு ஒப்பிடலாம். அவர் தேர்வு அரசியல், படையெடுப்பு, தூது ஆகியவற்றின் பக்கம் பெரிதும் சாய்ந்தது. சமுதாய வரலாற்றாய்வாளர் அதில் மனநிறைவு கொள்வதில்லை. ஆயினும் அச்சில் வந்தவை மராத்தி வாசகங்கள். தேர்வில் சாய்வு இருந்தாலும் தேர்ந்தவற்றை மீளப் படிக்கலாம். பதிப்பாசிரியர் கருதாத கேள்வியை அவ்வாசகத்தின்முன் வைக்கலாம். புனேயில் ஆவண மொழியும் ஆய்வாளர் மொழியும் ஒன்றாயிருந்த வாய்ப்பு தஞ்சைக்கு இல்லை என்பது உண்மையே. அதனாலேயே தஞ்சைக்குக் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

ஊர்ப்பெயரும் ஆட்பெயரும்

மேற்கூறியவை பொதுநெறி பற்றியவை. வட்டார வரலாற்றுக்கு நேரும் இழப்பைத் துல்லியமாகக் காண, மராத்தி எழுத்தர் ஒருவர் தமிழ்ப் பெயரை மோடியில் எழுதும்போது நிகழ்வது என்ன என்பதைப் பார்க்க வேண்டும்.

மராத்தியில் எகர ஒகரங்களுக்குக் குறில் நெடில் எழுத்து வேறுபாடு இல்லை. மோடியிலோ இகர உகரங்களுக்கும் அவ்வேறுபாடு பேணப்படுவதில்லை. எனவே தமிழின் ஐந்து குறில் நெடில் இணைகளில் நான்கு மோடியில் மயங்கும். அகர ஆகாரம் மட்டுமே தெளிவாக நிற்கும். கும்பகோணத்தை அடுத்த கொட்டையூரைக் கோட்டையூர் என்றும் படிக்கலாம். புதூர், பூதூர் என்னும் இரண்டும் ஒரே வடிவில் நிற்கும். றகரம் ரகரத்தோடும், னகரம் நகரத்தோடும் கலக்கும். ளகரம் மராத்தியில் உண்டு, ழகரம் இல்லை. காவிரிப் படுகையின் ஊர்ப்பெயர்களில் ‘கீழ’, ‘சோழ’, ‘ஆழ்வார்’ என்பன எத்துணைப் பரவலாக வருகின்றன என்பதை நினைத்தால் இதன் விளைவு விளங்கும்.

அவ்வாறெனில், தமிழாக்கத்தில் நாம் காணும் ஒவ்வொரு ஊர்ப்பெயரும் மொழிபெயர்ப்பாளரின் ஒரு முடிவு. பெரிய ஊர்களில் இம்முடிவு எளிது. கும்பகோணத்தையோ மன்னார்குடியையோ எவரும் தவறவிடமாட்டார். சிற்றூர், குடிக்காடு, வாய்க்கால், வயற்பெயர், தோப்பு ஆகியவற்றில்தான் சிக்கல். வட்டார வரலாறு வேண்டி நிற்பதும் அவற்றையே. ஒரு குடிக்காட்டுக்கு 1820களில் அரண்மனை நெல் அளந்ததா என்று தேடும் ஆய்வாளர், தமிழாக்கத்தில் அப்பெயர் இல்லாமையைக் கொண்டு ‘குறிப்பு இல்லை’ என்று முடிவு செய்தால், அது வேறொரு குறில் நெடிலுக்குள் ஒளிந்திருக்கும் வாய்ப்பு உண்டு. தேவநாகரி எழுத்துப்பெயர்ப்பு அருகில் இருந்தால் இதனை அரை நாழிகையில் சரிபார்க்கலாம்.

ஆட்பெயரில் இம்மயக்கம் இன்னும் கூடும். ஊருக்கு நிலப்படம் உண்டு. தையற்காரர்க்கும் தவில்காரர்க்கும் அவ்வாறு துணைச்சான்று இல்லை.

இதன் மறுபக்கம் ஒன்று உண்டு. அதனை நம் ஆய்வுலகம் போதிய அளவு கருதியதாகத் தெரியவில்லை. மோடி சிலவற்றைத் தமிழைவிடக் குறைவாகப் பதிவு செய்கிறது. சிலவற்றைத் தமிழைவிடக் கூடுதலாகப் பதிவு செய்கிறது. தமிழ் எழுத்தில் வல்லினத்தின் ஒலிப்புடை வடிவத்துக்கும் ஒலிப்பிலா வடிவத்துக்கும் தனி எழுத்து இல்லை. மராத்தியில் உண்டு. கும்பகோணம் என்னும் பெயரின் முதற் ககரமும் இடைக் ககரமும் மராத்தி எழுத்தர் கையில் இரு வேறு எழுத்துகளாக வரக்கூடும். தம் காதில் விழுந்த தமிழ்ச் சொல்லை அவர் எழுதும்போது, அன்றைய தஞ்சைப் பேச்சின் ஒலியை அறிந்தோ அறியாமலோ பதிந்துவிடுகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை மக்கள் ஒரு சொல்லை எவ்வாறு ஒலித்தனர் என்பதற்குத் தமிழ் எழுத்தில் எழுதிய ஆவணம் தரமுடியாத சான்றை அயல் எழுத்து தருகிறது.

ஒரத்தநாடு என்னும் ஊரை எடுத்துக்கொள்வோம். உரத்தநாடு என்றும் அதனை எழுதுகின்றனர். இரு வடிவும் இன்றும் வழக்கில் உள்ளன. சொல்முதல் உகரம் அடுத்த அசையின் அகரத்துக்கு முன் ஒகரமாதல் தமிழ்ப் பேச்சுவழக்கில் நன்கறியப்பட்ட மாற்றம். உடம்பு ஒடம்பாவதும் உலகம் ஒலகமாவதும் இவ்வகையினவே. மோடியில் உகரமும் ஒகரமும் வெவ்வேறு குறிகள். அரண்மனை எழுத்தர்கள் இவ்வூரின் பெயரை எந்தெந்த ஆண்டில் எந்த வடிவில் எழுதினர் என்று நிரல்படுத்தினால், ஊர்ப்பெயராய்வுக்கும் மொழி வரலாற்றுக்கும் ஒருங்கே பயன்படும். இவ்விடத்தில் தமிழாக்கம் செய்வது யாது? மொழிபெயர்ப்பாளர் தம் காலத்தில் சரியென வழங்கும் வடிவத்தை எழுதிவிடுவார். அதுவே அவர் கடமையும் ஆகும். படிப்போர்க்கு ஊர் விளங்க வேண்டுமல்லவா? அவர் தம் கடமையைச் செவ்வனே செய்யும்போதே சான்று அழிந்துவிடுகிறது. பிழையான மொழிபெயர்ப்பு இழக்கச் செய்வதைவிடச் சரியான மொழிபெயர்ப்பு இழக்கச் செய்வது இங்கு மிகுதி.

காலக்கணிப்பு

மராட்டிய அலுவலக மரபில் சுகூர் ஆண்டு வழங்கியது. சகம், அறுபதாண்டுப் பெயர், பசலி ஆகியவையும் தேவைக்கேற்ப வந்தன. சுகூர் ஆண்டின் எண்களை அரபுப் பெயர்களில் எழுதுவது வழக்கம். ‘மயாதைன் வ அலஃப்’ என்றால் இருநூறும் ஆயிரமும், அதாவது 1200. கதிரவன் மிருகசீரிடத்தில் புகும் நாளில் ஆண்டு தொடங்கும். பொது ஆண்டு காண 599 அல்லது 600 கூட்ட வேண்டும்.

சுகூர் 1200 என்று மட்டும் குறித்த ஆவணம் ஒன்று கிடைப்பதாகக் கொள்வோம். அது 1799ஆம் ஆண்டின் நடுப்பகுதி தொடங்கி 1800இன் நடுப்பகுதி வரை எந்த நாளுக்கும் உரியதாகலாம். தமிழாக்கத்தில் அது ‘கி.பி. 1799’ என ஒரே எண்ணாக நின்றால் என்ன ஆகும்? சரபோஜி நிருவாகத்தைக் கும்பினிக்கு விட்டுக்கொடுத்த உடன்படிக்கை 1799 அக்டோபரில் ஏற்பட்டது. ஒரு நிலக்கொடை அதற்கு முன்னதா பின்னதா என்பதில்தான், அதனை வழங்கும் அதிகாரம் அவருக்கு இருந்ததா என்னும் கேள்வியே அடங்கியுள்ளது. மூலத்தின் காலக்குறிப்பை உள்ளவாறே தந்து, கணித்த ஆண்டை அதன்பின் தருவது சிறு செயல்தான். கல்வெட்டுப் பதிப்பாளர் ஆட்சியாண்டையும் பொது ஆண்டையும் ஒருபோதும் குழப்புவதில்லை.

சத்திரக் கணக்கு

தஞ்சைச் சத்திரங்களைப் பற்றி எழுதுவோர் அனைவரும் ஒரு கடிதத்தை மேற்கோள் காட்டுவர். இரண்டாம் சரபோஜி 1801இல் தஞ்சை ரெசிடெண்டாக இருந்த பெஞ்சமின் டோரினுக்கு எழுதியது அது. இராமேசுவர வழியில் செல்வோர்க்குச் சாதி வேறுபாடின்றி அன்னம் அளிக்கப்படுவதையும், நோயுற்றோர்க்கு மருத்துவமும் கருவுற்ற பெண்டிர்க்குப் பேணுதலும் சிறுவர்க்குக் கல்வியும் கிடைப்பதையும் அதில் விளக்கியுள்ளார். உயர்ந்த கடிதம், உள்ளத்தைத் தொடுவது. ஆனால் அது ஒரு வேண்டுகோள். நாட்டை இழந்த மன்னர், தம் முன்னோர் நிறுவிய அறங்கள் நிலைக்க வேண்டுமென்று புதிய அதிகாரத்திடம் வழக்குரைக்கும் எழுத்து. அதில் கூறப்பட்டவை நடந்தனவா, எந்தச் சத்திரத்தில் எவ்வளவு நடந்தன, பிற்காலத்தில் தொடர்ந்தனவா என்பவற்றைச் சோதிக்க வேண்டுமாயின், நாள்தோறும் எழுதிய கணக்குக்குச் செல்ல வேண்டும்.

கணக்கு சலிப்பூட்டுவது. அரிசி, பருப்பு, உப்பு, விறகு, இலை என்று ஒரே நிரல் மீண்டும் மீண்டும் வரும். தேர்ந்தெடுத்து மொழிபெயர்க்கும் எம்முயற்சியிலும் இவ்வகைப் பதிவுகளே முதலில் விடுபடும். அரசியார் திருமணம், கிரகணத் தானம், ஐரோப்பிய விருந்தினர் வருகை, சதிர்க் கச்சேரி ஆகியவை முன்வரும். மொழிபெயர்ப்பாளரை இதற்குக் குறைகூற முடியாது. நூறு நாள் ஒரே வரியைப் பெயர்ப்பதைவிட ஒருமுறை நிகழ்ந்த ஒன்றைப் பெயர்ப்பது அறிவார்ந்த தேர்வாகவே தோன்றும். ஆனால் சமுதாயப் பொருளியல் வரலாற்றில் மீண்டும் மீண்டும் வருவதே தரவு. விறகின் அளவு குறைந்த மாதம் எது, அரிசி குறையாமல் பருப்பு மட்டும் நின்ற ஆண்டு எது என்பவற்றிலிருந்து உணவு பெற்றோர் தொகையையும் நிருவாகத்தின் நிலையையும் மதிப்பிடலாம். தேர்வுத் தமிழாக்கத்தைக் கொண்டு எழுதப்படும் வரலாறு அரண்மனையை எப்போதும் விழாக்கோலத்திலேயே காட்டும். தஞ்சை மராட்டியர் காலம் பற்றிய நம் நூல்கள் பல கலைக்களஞ்சியமாகவும் விழா வருணனையாகவும் அமைந்திருப்பதற்கு மன்னர்களின் கலையார்வம் மட்டுமே காரணமன்று.

சத்திரங்கள் பெரும்பாலும் அரச குடும்பத்துப் பெண்டிர், காமக்கிழத்தியர் ஆகியோர் பெயரால் வழங்கின. ஒரத்தநாட்டுச் சத்திரம் முக்தாம்பாள் பெயரையும் நீடாமங்கலத்துச் சத்திரம் யமுனாம்பாள் பெயரையும் தாங்கியவை. ஊர்ப்பெயரை மட்டும் கொண்டு பொருளடைவைத் தேடுவோர்க்கு இவை அகப்படா. பெண்ணின் பெயரை மட்டும் அறிந்தோர்க்கு ஊர் அகப்படாது. ஒரே இடத்தின் பல பெயர்களை ஒரு குறியீட்டின்கீழ் இணைக்கும் பெயரடைவு இல்லாத தொகுதி, எத்தனை பக்கம் கொண்டதாயினும், ஊர்க்காரர் ஒருவர் தம் ஊரைத் தேடிக் காண உதவாது.

சொல்லாக்கம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சம்பளம், இனாம், தருமம், பரிசு என்பன அரண்மனைக் கணக்கில் வெவ்வேறு தலைப்புகள். ஒரு நாட்டியப் பெண்ணுக்குப் பொருள் எத்தலைப்பின்கீழ் தரப்பட்டது என்பதே அவர் பணியாளரா, கொடை பெறுநரா, அரண்மனையைச் சார்ந்து வாழ்ந்தவரா என்பதைத் தீர்மானிக்கும். தேவேஷ் சோனேஜி முதலியோர் அண்மைக்காலத்தில் தஞ்சை நாட்டியப் பெண்டிர் பற்றிச் செய்த ஆய்வுகள் மோடிச் சான்றுகளின் மதிப்பைப் புலப்படுத்தியுள்ளன. தமிழாக்கத்தில் இத்தலைப்புகள் ‘கொடுக்கப்பட்டது’ என்னும் ஒரே வினைக்குள் அடங்கினால், அத்தகைய ஆய்வு ஊகத்தின்மேல் நிற்க நேரும். நல்ல தமிழில் எழுத வேண்டும் என்னும் விழைவு, அலுவற் சொல்லுக்குத் தீங்காவதும் உண்டு. வசூல் என்பதைத் தண்டல் என்று எழுதுவதில் தவறில்லை; மூலத்தில் இருந்தது இரண்டில் எது என்பது மட்டும் தெரிய வேண்டும்.

பகிர்தலின் முறை

மின்படியாக்கம் இவை அனைத்துக்கும் தீர்வு என்று கூறப்படுவதுண்டு. மோடி அறியாத ஆய்வாளர் முன் பல்லாயிரம் மோடிப் படங்களை வைப்பது பேணுதல் ஆகும், பகிர்தல் ஆகாது. படம் மட்டும் இருந்தால் தமிழாய்வாளர் மீண்டும் தமிழாக்கத்துக்கே திரும்புவர். தமிழாக்கம் மட்டும் இருந்தால் சரிபார்க்க இயலாது. இரண்டையும் இணைப்பது தேவநாகரி எழுத்துப்பெயர்ப்பு. மராத்தியோ வடமொழியோ அறிந்த தமிழாய்வாளர் நம்மிடையே உளர். தேவநாகரியில் ஊர்ப்பெயரையும் தொகையையும் தேதியையும் சரிபார்க்கும் அளவுக்குப் பயிற்சி பெறுதல் ஒரு பருவத்துக்குள் இயலும். மோடி எழுத்தும் 2014இல் ஒருங்குறியின் 7.0 பதிப்பில் இடம்பெற்றுவிட்டது. ஆகவே மோடி வாசகத்தையே கணினியில் எழுத்தாக உள்ளிட்டுத் தேடுவதற்கும் தொழில்நுட்பத் தடை இல்லை. தடை ஆள்வளத்தில்தான் உள்ளது.

ஆள்வளம் என்பது காலத்தோடு தொடர்புடையது. மோடியைச் சரளமாகப் படிப்போர் இன்றிருக்கும்போது எழுத்துப்பெயர்ப்பு நிகழாவிடில், அச்சில் உள்ள தமிழாக்கம் ஒன்றே எஞ்சும். அதன் ஐயப் பாடங்கள் ஐயமற்றனவாகிவிடும். மூட்டைகள் சிதையாமல் இருந்தும் படிக்க ஆளின்றி ஊமையாகும். தாளைக் காப்பதற்குக் குளிர்சாதன அறை போதும், படிப்பறிவைக் காப்பதற்கு வகுப்பறை வேண்டும். பல்கலைக்கழகம் பிற காப்பகங்களிலிருந்து வேறுபடும் இடம் அதுவே. அதன் ஆவணப் பணியை மூட்டைகளின் எண்ணிக்கையாலோ பக்கங்களின் எண்ணிக்கையாலோ அளப்பதினும், ஆண்டுதோறும் எத்தனை மாணவர் மோடி படிக்கக் கற்று வெளியேறினர் என்பதால் அளப்பது பொருத்தம்.

புதிய மூட்டைகளை அவிழ்ப்பதற்கு முன் பழைய தொகுதிகளுக்குத் திரும்புவது நன்று என்பது கட்டுரையாளர் கருத்து. 1989இல் அச்சான தமிழாக்கங்களுக்குரிய மூல ஆவணங்களை மட்டும் மூட்டையில் தேடி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் படமும் தேவநாகரி வாசகமும் மூலத்தின் காலக்குறிப்பும் சேர்த்து, ஊர்ப்பெயர்க்கும் ஆட்பெயர்க்கும் தனி அடைவு அமைத்தால், ஏற்கெனவே மேற்கோள் காட்டப்பட்ட செய்திகளில் எவை நிற்கும், எவை திருத்தம் பெறும் என்பது தெரியவரும். சரசுவதி மகாலும் பல்கலைக்கழகமும் ஒரே நகரில் இருப்பதால் இப்பணிக்கு நெடும்பயணம் எதுவும் தேவையில்லை. தொடக்கத்துக்கு ஒரத்தநாட்டுச் சத்திரத்தின் ஓராண்டுக் கணக்கு போதும். ஒரு நாளும் விடாமல், விறகும் உப்பும் உட்பட, எழுத்தர் எழுதிய பெயர் வடிவங்கள் மாறாமல் அது அச்சேறட்டும். 1801ஆம் ஆண்டுக் கடிதத்தை அதன் அருகில் வைத்துப் படிக்கலாம்.